ஒன்றரைக் குடம் காற்று

"இந்த நேரத்துல யாருடா மிக்ஸி போடறது?"

அவ்வாவின், அதாவது பாட்டியின், குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. மணி இரவு பத்தரை. ஊர் குடுபல்லி, சித்தூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், குப்பத்தைத் தாண்டிப் பெங்களூர்ப் பக்கம் போகும் பாசஞ்சர் ரயில் அடுத்ததாக நிற்கும் சின்ன நிலையம். வீட்டுக்குள் தமிழ், வாசலில் தெலுங்கு, இன்னும் கொஞ்ச தூரம் போனால் கன்னடம்.

மிக்ஸி எதுவும் ஓடவில்லை. இண்டர் (பிளஸ் டூ) முடித்த என் அக்கா மகன், சிநேகிதனிடம் நான்கு நாளைக்கு இரவல் வாங்கி வந்த டெஸ்க்டாப்பைப் போட்டிருந்தான். சத்தம் அதிலிருந்துதான். விசித்திரம் என்னவென்றால், அவன் இன்னும் விளையாடவே ஆரம்பிக்கவில்லை. திரையில் நின்றது வெறும் மெனு: ஒரு வீரனின் படம், கீழே நான்கைந்து பொத்தான்கள், அசைவே இல்லை. பெட்டியோ உயிர் போகிற மாதிரி இரைந்தது. அவன் பொத்தானை அழுத்தி ஆட்டத்துக்குள் போனான். வெடிப்பு, புகை, ஓட்டம். சத்தம் குறைந்தது!

"மாமா, சும்மா நிக்கறப்போ கத்துது, வேலை செய்யறப்போ அடங்குது. இது என்ன லாஜிக்?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தவனுக்குத்தான் சத்தமில்லாத கணினியை வாங்கத் தெரியும். அவனுக்கு அப்போது அதுதான் வேண்டியிருந்தது. முதல் கேமிங் கணினி, கட்டிலை ஒட்டிய அலமாரித் தட்டில் அடங்க வேண்டும், சத்தம் கூடாது. கடைசி நிபந்தனை அவ்வா போட்டது. அவள் தூக்கத்துக்காகப் போட்டதல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் பட்டுப்புழு மனை. நான்காம் தோலுரிப்பு முடிந்த புழுக்கள் ஏழெட்டு நாள் இரவு பகலாக மல்பெரி இலையைத் தின்னும். ஆயிரக்கணக்கான வாய்கள் ஒன்றாக அசைபோடும் சத்தம், தென்னங்கீற்றில் தூறல் விழுவது போலிருக்கும். அந்தத் தூறல் மெலிந்தால் இலை தீர்ந்தது என்று பொருள்; திடீரென்று நின்றால் நோய். அவ்வா படுத்தபடியே மனையைக் கேட்டுக்கொண்டிருப்பவள். நாங்கள் கட்டப்போகும் பெட்டி அந்தத் தூறலை மறைக்கக் கூடாது.

கணக்குப் போடும் ஹீட்டர்

கணினிக்குள் போகும் மின்சாரம் என்ன ஆகிறது? மிக்ஸியில் போன மின்சாரத்துக்கு அரைத்த மாவு கிடைக்கிறது. மோட்டாருக்குப் போனதற்குத் தண்ணீர் மேலே ஏறுகிறது. கணினி எதையும் அரைப்பதுமில்லை, ஏற்றுவதுமில்லை. சுவிட்ச் பெட்டியிலிருந்து அது உறிஞ்சும் மின்சாரம் ஏறத்தாழ மொத்தமும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் வந்து சேர்கிறது. 240 வாட் இழுக்கும் கணினி 240 வாட் ஹீட்டர்தான். அது போகிற போக்கில் கணக்கும் போடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். ஆக, அந்தப் பெட்டியை ஓட்டினால் அறையில் கூடுதலாக இரண்டரை ஆள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

இந்த வெப்பத்தை வெளியே தள்ளத்தான் விசிறி. விசிறி சுற்றினால்தான் சத்தம். ஆகவே சத்தம் பிறக்குமிடம் விசிறி அல்ல, வாட். கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வேகமான வரைகலை அட்டையை (திரையில் படம் வரைவதற்கென்றே உள்ள தனிக் கணினிப் பலகை, கடைக்காரர் 'கிராபிக்ஸ் கார்டு' என்பார்) முதலில் வாங்கிவிட்டு, பிறகு 'சைலண்ட் ஃபேன்' கொடுங்கள் என்று கேட்கிறார்கள். அப்போது சத்தம் ஏற்கெனவே பில்லில் ஏறிவிட்டது.

நிற்கும் படத்துக்கு ஏன் இத்தனை உழைப்பு?

திரையில் தெரியும் எந்தப் படமும் நிற்பதில்லை. சினிமாச் சுருளைப் போலவே, வரைகலை அட்டை ஒரு படத்தை வரைகிறது, அழிக்கிறது, அடுத்ததை வரைகிறது. சண்டைக்காட்சியில் ஒரு படத்தை வரைய நிறைய வேலை: புகை, நிழல், இருபது ஆட்கள். அதோடு யார் எங்கே ஓடுகிறார் என்று செயலி, அதாவது கணினியின் மையச் சில்லு, கணக்கிட்டுச் சொல்லும்வரை அட்டை காத்திருக்கவும் வேண்டும். அந்தக் காத்திருப்பில் அது மூச்சு வாங்கிக்கொள்ளும்.

மெனுவில் காத்திருக்க ஒன்றுமில்லை. படமும் சுலபம். யாரும் 'போதும்' என்று சொல்லாததால், அதே வீரனை, அதே பொத்தான்களை, நொடிக்குப் பல நூறு தடவை வரைந்துகொண்டே இருக்கிறது அட்டை. திரை நொடிக்கு 60 அல்லது 144 படங்களைத்தான் காட்ட முடியும், மிச்சமெல்லாம் குப்பை. வாத்தியார் 'நிறுத்து' என்று சொல்ல மறந்த வகுப்பில் நோட்டு முழுக்க ஒரே வரியை எழுதித் தள்ளும் பையனைப் போல.

விளையாட்டின் அமைப்பில் நொடிக்கு 60 படம் போதும் என்று ஓர் உச்சவரம்பு வைத்தோம். சுவர் பிளக்கில் செருகும் சின்ன வாட் மீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. மெனுவில் காட்டிய எண் பாதிக்கும் கீழே விழுந்தது. பத்து விநாடியில் இரைச்சல் இறங்கி, பக்கத்து மனையின் தூறல் கேட்கத் தொடங்கியது. பைசா செலவில்லை.

திரையும் இதே கணக்குக்குள் வருகிறது. முழு எச்டி திரையில் 20,73,600 புள்ளிகள். 4கே திரையில் 82,94,400. சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு படத்துக்கும் நான்கு மடங்கு புள்ளிகளுக்கு வண்ணம் தீட்ட வேண்டுமென்றால் அதற்கேற்ற அட்டை வேண்டும், அதற்கேற்ற வாட், அதற்கேற்ற காற்று. அதனால் நாங்கள் முதலில் முடிவு செய்தது மானிட்டரைத்தான்: கையெட்டும் தூரத்தில் 24 அங்குல முழு எச்டி. இன்னும் பெரிசு வேண்டும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். 'அவ்வாகிட்ட கேட்டு வாங்கிக்கோ' என்றேன். பேச்சு அதோடு முடிந்தது.

தொட்டியின் உயரம்

சில்லுக்குள் கோடிக்கணக்கான நுண் சுவிட்சுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டித் தொட்டி மாதிரி: மின்னூட்டம் நிரம்பினால் 'ஆம்', வடிந்தால் 'இல்லை'. நொடிக்குப் பல நூறு கோடித் தடவை நிரப்பி வடிக்கிறோம். எந்த உயரத்துக்கு நிரப்புகிறோம் என்பதுதான் மின்னழுத்தம்.

கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தொட்டியை இரு மடங்கு உயரத்துக்கு நிரப்ப வேண்டுமானால் தண்ணீரும் இரு மடங்கு வேண்டும், அதைத் தூக்கும் உயரமும் கிட்டத்தட்ட இரு மடங்கு ஆகும். உழைப்பு நான்கு மடங்கு. மின்னழுத்தத்துக்கும் இதே கதிதான்.

தலைகீழாகப் பார்த்தால் இதில் ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. சில்லின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து, அந்த வேகத்துக்குத் தேவைப்படாத மின்னழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், இந்தத் தொட்டி உழைப்பு 27 சதவீதம் குறைகிறது. தொலைவது 10, மிஞ்சுவது 27. ஒரு சில்லின் கடைசி பத்து சதவீத வேகம் எப்போதுமே கொள்ளை விலை. விளம்பரத்தில் முதலிடம் பிடிப்பதற்காக நிறுவனங்கள் அந்த விலையை நம் தலையில் கட்டி அனுப்புகின்றன என்பது என் எண்ணம். அதைத் திரும்பக் கழற்றி வைப்பது நம் கையில் இருக்கிறது.

எங்கள் தேர்வு இந்தக் கணக்கில் விழுந்தது. அட்டை: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060. 2023 ஜூனில் வந்தது. அதிகபட்சம் 115 வாட். அதே தலைமுறையின் உச்சியில் இருக்கும் 4090 கேட்பது 450 வாட். 2025 மே மாதம் வந்த 5060-க்கு 145 வாட். பெயரும் எண்ணும் வருஷா வருஷம் மாறும். அட்டையின் விவரப் பட்டியலில் வாட் எண்ணைத் தேடிப் படித்தால் போதும். செயலி: ஏஎம்டியின் ரைசன் 5 7600, ஆறு கருக்கள். இதில் ஒரு சின்னக் குழி உண்டு. பெட்டியில் '65 வாட்' என்று போட்டிருக்கும். ஆனால் முழு மூச்சில் அது 88 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. லாரியின் பின்னால் எழுதியிருக்கும் எடையை நம்புவது போல இந்த எண்ணை நம்ப வேண்டும். விளையாட்டில் அது அவ்வளவு தூரம் போவதில்லை என்பது ஆறுதல்.

நகத்தளவு அடுப்பு

4060-இன் சில்லு சுமார் 159 சதுர மில்லிமீட்டர். கட்டைவிரல் நகம். 115 வாட்டின் பெரும்பகுதி அந்த நகத்தின் மேல்தான் பிறக்கிறது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பரப்போடு ஒப்பிட்டால், ஒரே அளவு பரப்புக்கு இஸ்திரிப் பெட்டியைவிடப் பத்து மடங்கு நெருக்கமான வெப்பம். காற்றை நேரே அதன்மேல் ஊதினால் ஒன்றும் நடக்காது. நகத்தளவு இடத்தை எத்தனை காற்று தொட்டுவிட முடியும்? முதலில் வெப்பத்தை ஓர் அகலமான இடத்துக்குப் பரப்ப வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது வெப்பக்குழாய். பார்க்க பென்சில் தடிமனில் செம்புக் கம்பி மாதிரி இருக்கும்; உள்ளே பொள்ளல், அதில் சொட்டுக் கணக்கில் தண்ணீர். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடியிருப்பதால் உள்ளே அழுத்தம் மிகக் குறைவு. நூறு டிகிரிக்கு வெகு முன்பே தண்ணீர் ஆவியாகும். சில்லு தொடும் முனையில் ஆவியாகி, வெப்பத்தைச் சுமந்துகொண்டு மறுமுனைக்கு ஓடி, அங்கே அலுமினியத் துடுப்புகளின் குளிர்ச்சியில் மீண்டும் நீராகும். குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் படலம், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, நீரைத் திரும்ப இழுத்துவரும்.

இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறக்கும்போது உட்புறம் நீர் முத்துக்கள் தொங்குமே, அதே வித்தைதான். அடியில் கொதித்த நீர் வெப்பத்தை மூடிக்குக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு முத்தாகத் தொங்குகிறது. மூடியை வெறுங்கையால் தொட்டவர்களுக்கு அது எவ்வளவு வெப்பத்தைக் கடத்தியது என்று தெரியும். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் வெப்பக்குழாயைச் செய்து காட்டினார். இன்று விசிறி வைத்த லேப்டாப்புகளில் அது இல்லாததைக் காண்பது அரிது.

துடுப்புகள் எவ்வளவு பெரியவையோ அவ்வளவு மெதுவான காற்று போதும். மிகச் சிறிய கேபினெட்டுகளின் சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒன்றரைக் குடம்

இனி கணக்கு. ஒன்றே ஒன்றுதான், அதைப் பொறுமையாகப் போடலாம்.

விளையாடும்போது அட்டைக்கு 115 வாட். செயலிக்குத் தாராளமாக 70. மதர்போர்டு, நினைவகம், விசிறிகள் எல்லாம் சேர்த்து 30. ஆகமொத்தம் 215. இதையெல்லாம் வீட்டு மின்சாரத்திலிருந்து மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் நல்ல ரகமாக இருந்தாலும் பத்தில் ஒரு பங்கைத் தன் பங்கு வெப்பமாக்கிவிடும். சுவரிலிருந்து இழுப்பது 240 வாட் என்று வைப்போம். நொடிக்கு 240 ஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். ஜூல் என்பது வெப்பத்தை அளக்கும் படி.

காற்று கஞ்சன். ஒரு லிட்டர் காற்று ஒரு டிகிரி சூடேற ஒரு ஜூலுக்குக் கொஞ்சம் மேல் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அறையில் 32 டிகிரி. பெட்டியிலிருந்து வெளியே போகும் காற்று 42-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்தால், ஒவ்வொரு லிட்டரும் சுமந்துபோவது பதினோரு ஜூலுக்குச் சற்றுக் குறைவு. 240-ஐ இதனால் வகுத்தால் நொடிக்கு 22 லிட்டர். பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் ஒன்றரைக் குடம். ஒவ்வொரு நொடியும் ஒன்றரைக் குடம் காற்று உள்ளே வந்து, பெட்டியைச் சுற்றிக்கொண்டு, வெளியே போக வேண்டும். 18 லிட்டர் பெட்டி என்றால், அதிலுள்ள காற்று முழுவதும் நொடிக்கு ஒரு முறைக்கு மேல் மாறுகிறது.

சென்னைக் கடற்கரையில் இதே கணக்குக்கு 20 லிட்டர் சொச்சம் போதும். குடுபல்லி கடல்மட்டத்திலிருந்து எழுநூறு மீட்டரை ஒட்டிய மேட்டுநிலம்; இங்கே காற்றே எட்டு சதவீதம் மெலிவு. ஆனாலும் மேடு வேறு விதத்தில் ஈடுகட்டுகிறது. மே மாதம் திருப்பதி 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது இங்கே சில டிகிரி குறைவாகவே இருக்கும். விசிறியால் சில்லை அறைக்காற்றைவிடக் குளிர வைக்கவே முடியாது. அறை பத்து டிகிரி ஏறினால் பெட்டிக்குள் எல்லாமே பத்து டிகிரி ஏறும்.

'தண்ணீரில் குளிரவைத்தால் என்ன மாமா?' என்று கேட்டான். ஒரு பக்கம் பார்த்தால் சரியான யோசனை. இதே 240 ஜூலை அதே பத்து டிகிரியில் சுமக்க நொடிக்கு ஒரு தேக்கரண்டித் தண்ணீர் போதும். ஆனால் அந்த வெந்நீர் எங்கே போகும்? ரேடியேட்டருக்குப் போய், அங்கே காற்றிடம்தான் வெப்பத்தைக் கொடுக்கும். அதே ஒன்றரைக் குடம் காற்று அங்கேயும் வேண்டும். நடுவில் ஒரு பம்ப் சேர்ந்து ரீங்காரமிடும். முதல் கணினிக்கு, அதுவும் அமைதிக்காக, நான் தண்ணீரைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

விசிறியின் வட்டிக்கணக்கு

விசிறி பாதி வேகத்தில் சுற்றினால் காற்று பாதியாகும். சத்தமோ பாதியாவதில்லை, அதைவிட மிக அதிகமாக, ஏறத்தாழ 15 டெசிபல் இறங்குகிறது. பத்து டெசிபல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலிருக்கும். பாதி வேகத்தில் இரண்டு விசிறி வைத்தால் காற்று பழையபடி முழுசாகக் கிடைக்கும். இரண்டாவது விசிறி சேர்ப்பது மூன்றே டெசிபல். ஒன்று முழு வேகத்தில் ஓடுவதைவிட, இரண்டு அரை வேகத்தில் ஓடுவது 12 டெசிபல் அமைதி.

இதையே கொடூரமான திசையில் திருப்பிப் பாருங்கள். 450 வாட் அட்டையை வைத்துக்கொண்டால் மொத்தம் 600 வாட்டைத் தாண்டும். இரண்டரை மடங்கு காற்று, ஏறத்தாழ நான்கு குடம். அதே விசிறிகளை வைத்து அந்தக் காற்றைத் தள்ள வேண்டுமென்றால் இரண்டரை மடங்கு வேகம். கூடுவது 20 டெசிபல். காதுக்கு நான்கு மடங்கு சத்தம். வாங்கும்போதே சத்தத்தைக் குறைப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

அளவும் முக்கியம். நாக்டுவா என்ற ஆஸ்திரிய நிறுவனத்தின் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று, நிமிடத்துக்கு 2000 சுற்றில், தடையில்லாத இடத்தில் நொடிக்கு 28 லிட்டர் தள்ளும். வடிகட்டி, துடுப்பு, கம்பிகள் வழிமறித்தால் அதில் பாதி கிடைத்தாலே நல்லது. அதனால் அப்படிப்பட்ட இரண்டு, மூன்றை ஆயிரம் சுற்றை ஒட்டி நிதானமாக ஓட விடுவதுதான் வழி. அதே காற்றை ஒரு குட்டி விசிறியால் தள்ள அது வெறிபிடித்துச் சுற்ற வேண்டும். அதன் குரலும் மேலே ஏறிக் கீச்சிடும். கொசுவின் சத்தம் அளவில் ஒன்றுமேயில்லை. ஆனால் அந்தக் கீச்சுக்குத் தூக்கம் போய்விடுகிறது. மேலே சீலிங் ஃபேன் கடமுடவென்று ஓடும்போது நன்றாகத் தூங்குகிறோம்.

இன்னொன்று. காது பழகுவது மாறாத சத்தத்துக்கு. ரயில் பாதையை ஒட்டியே வாழும் அக்கா வீட்டில் சரக்கு ரயில் போவதை யாரும் கவனிப்பதில்லை. ஏறி இறங்கும் விசிறியை எல்லோரும் கவனித்தார்கள். சூடு இரண்டு டிகிரி ஏறியதும் பதறி ஓடி, இறங்கியதும் அடங்கும்படி விசிறிகள் கடையிலிருந்து வருகின்றன. அதை மதர்போர்டு அமைப்பில் மாற்றி, எழுபது டிகிரிவரை ஒரே நிதானமாகவும், அதற்கு மேல் மெல்ல ஏறும்படியும் வைத்தோம். சில்லு எழுபதில் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. இந்தச் செயலி 95 டிகிரிவரை தாங்குமாறு செய்யப்பட்டது. அதைச் சொல்லியும் அவன் கொஞ்ச நாள் நம்பவில்லை. அவ்வப்போது பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், காய்ச்சல் குழந்தையைத் தொடுவது போல.

தங்க வயலின் இரண்டு குழிகள்

பாகங்கள் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கியது. ரயிலில் போய் ரயிலில் திரும்பினோம். கேபினெட் மட்டும் மடியில். பாகங்களைப் பற்றிச் சுருக்கமாக: 170 மில்லிமீட்டர் சதுரமான மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு (தைவானின் வியா நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த அளவு), எஸ்எஃப்எக்ஸ் என்ற குட்டி எஸ்எம்பிஎஸ், சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சுவிங்கம் பட்டை போன்ற எம்.2 நினைவுத் தட்டு. அதில் அசையும் பாகமே இல்லை, சத்தமும் இல்லை. கேபினெட்டைப் பாலைப் போல லிட்டரில் அளக்கிறார்கள். வழக்கமான டவர் 40 லிட்டருக்கு மேல். பத்து லிட்டரில் அழகழகாகக் கிடைக்கின்றன. ஆனால் செயலியின் மேல் ஐந்தாறு சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் துடுப்புகள் அமரும். 18 லிட்டர் ரகத்தில் பதினைந்து சென்டிமீட்டர் கோபுரமே நிற்கும். குடிதண்ணீர் கேனைவிடச் சற்றுச் சின்னது. அதற்குக் கீழே போக வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன்.

மாட்டி முடித்து அலமாரியில் வைத்தோம். கணக்கெல்லாம் சரியாகப் போட்டும் சத்தம் எதிர்பார்த்ததைவிட அதிகம். எங்கே தப்பு?

விடை அவ்வாவின் அண்ணன் கதையில் இருந்தது. அவர் கோலார் தங்க வயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அடியில் பாறையே 60 டிகிரியைத் தாண்டும். காற்றோட்டம் இல்லாமல் அங்கே மனிதர்கள் உயிரோடு வேலை செய்ய முடியாது. அதற்குக் குழிகள் இரண்டு வேண்டும்: ஒன்றில் குளிர்ந்த காற்று இறங்கும், மற்றொன்றில் சூடான காற்று ஏறும். இறங்கிய காற்று ஆட்கள் வேலை செய்யும் கடைசி முனைவரை போய்விட்டுத்தான் திரும்ப வேண்டும். நடுவில் ஏதாவது சந்து திறந்திருந்தால் காற்று சோம்பேறி, குறுக்கு வழியில் புகுந்து வெளியேறிவிடும். முனையில் ஆட்கள் வெந்துபோவார்கள். அதனால் சந்துகளில் கதவு போடுவார்கள், தட்டி கட்டுவார்கள். 2001 பிப்ரவரியில் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன. குடுபல்லிப் பக்கத்துச் சிகுருகுண்டா, பிசாநத்தம் சுரங்கங்களும் ஓய்ந்துபோயின. 'காத்துக்கு வழி காட்டணும், தொரத்தக் கூடாது' என்று அந்தப் பெரியவர் சொல்வாராம். அவ்வா அதைச் சொன்னது புழு மனைக்கு ஜன்னல் வைத்த கதையில்.

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தினேன். பெட்டியின் பக்கவாட்டு வலைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தபோது புகை நூல் பிடித்தது போல உள்ளே போனது. நல்லது. மேலே வெளியேறும் இடத்துக்குக் கொண்டுபோனேன். புகை எழுந்து, நான்கு விரல் உயரத்தில் இருந்த அலமாரியின் மேல்தட்டில் முட்டி, பரந்து, விளிம்பில் வளைந்து இறங்கி, பக்கவாட்டு வலைக்குள் மறுபடி நுழைந்தது! பெட்டி தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. 32 டிகிரி என்று நாம் கணக்கில் போட்ட காற்று நிஜத்தில் நாற்பதை ஒட்டிய காற்று. விசிறிகள் அதை ஈடுகட்டத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

மேல்தட்டைக் கழற்றினோம். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்து, அடியில் நான்கு மரத்துண்டு வைத்து உயர்த்தினோம். மறுபடி ஊதுபத்தி. புகை நேராகக் கூரையைப் பார்த்துப் போனது. விசிறிகள் சில நிமிடத்தில் நிதானத்துக்கு வந்தன. புதிதாக ஒரு திருகாணிகூட வாங்கவில்லை.

மிச்சமிருந்தது ஒன்றுதான்: அட்டையிலிருந்து எப்போதாவது வரும் மெல்லிய கிரீச். அது விசிறியல்ல, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்கள் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தில் நடுங்குவது. நொடிக்கு எத்தனை படம் என்ற வரம்பு வைத்தால் அடங்கும், முழுசாகப் போகாது. அதற்கு மருந்து கிடையாது, அட்டையின் ஜாதகம்.

வெள்ளைத் தூசி

இரண்டு மாதம் கழித்துப் போன் செய்தான். 'மாமா, திரும்பக் கத்துது.'

நேரில் போனபோது முதலில் பார்த்தது வடிகட்டியை. உள்ளே பல்லி போயிருக்கும் என்று நினைத்தேன். மதர்போர்டில் செத்துக் கிடந்த பல்லியை நான் வேறு வீடுகளில் எடுத்திருக்கிறேன். பல்லி இல்லை. வலை முழுக்க மாவு தடவியது போல வெள்ளையாக இருந்தது. செம்மண் ஊரில் தூசி ஏன் வெள்ளை? விரலில் தொட்டுப் பார்த்தேன். அவ்வா எட்டிப் பார்த்தாள்.

"இது நம்ம சுண்ணாம்புடா."

புழுக்கள் தோலுரிக்கப் போகும்போது படுக்கை ஈரம் இழுத்துக்கொள்ள நீற்றிய சுண்ணாம்பைத் தூவுவார்கள். மனையின் கதவும் இந்த அறையின் கதவும் எதிரெதிர். கணினியின் பக்கவாட்டு வலை அந்தக் கதவைப் பார்த்து இருந்தது. நொடிக்கு ஒன்றரைக் குடம் வீதம் இரண்டு மாதமாக மனையின் காற்றைத்தான் அது குடித்திருக்கிறது.

வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து மாட்டினோம். பெட்டியைத் திருப்பி, வாய் ஜன்னல் பக்கம் இருக்கும்படி வைத்தோம். காலண்டரில் மாதத்துக்கு ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டான். புழுக்கள் கூடு கட்டும் மூங்கில் தட்டியான சந்திரிகைக்கு அவற்றை ஏற்றும் நாட்களையும் அவ்வா அதே காலண்டரில்தான் குறித்து வைத்திருந்தாள்.